மிதக்கும் காற்றுமானியும் ஒரு குழவிக்கல்லும்

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கடை. கடலை நான் பார்த்ததெல்லாம் திருச்செந்தூர் போகும்போதுதான். அப்படிப்பட்டவன் கடல் காற்றை அளக்கும் மிதவையைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனாலும் ஆனி மாதம் தொடங்கி கார்த்திகை வரை இதிலேயே கிடந்தேன். எங்கே தப்பு செய்தேன் என்று எழுதி வைத்தால் அடுத்தவருக்கு ஒரு வாரமாவது மிச்சம்.

ஆரம்பித்து வைத்தது அக்கா மகன். சென்னையில் கடல் கருவிகள் சம்பந்தப்பட்ட வேலை. ஊருக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "காத்த அளக்குறது கஷ்டமே இல்ல மாமா. ஆடிக்கிட்டே அளக்குறோம் பாருங்க, அதான் கஷ்டம்."

அவன் சொன்ன விவரத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். கடலில் காற்றாலை நட வேண்டுமென்றால், அந்த இடத்தில் 100 மீட்டருக்கு மேல் காற்று எப்படி வீசுகிறது என்று மாதக்கணக்கில் அளந்தாக வேண்டும். நம் ஆராய்ச்சி மிதவைகள் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் பல வருடங்களாக மிதக்கின்றன. ஆனால் அவற்றின் காற்றுமானி தண்ணீருக்கு மேல் 3 மீட்டரில்தான் இருக்கிறது. அங்கிருந்து 100 மீட்டருக்குக் கணக்குப் போட்டு ஏற்றலாம்; ஆபத்து அங்கேதான். உயரம் கூடக் கூடக் காற்று எவ்வளவு கூடும் என்பதற்கு ஓர் அடுக்கெண் வைத்துக்கொள்வார்கள். அதை 0.11 என்று எடுத்தால் 100 மீட்டரில் காற்று 1.47 மடங்கு. 0.14 என்று எடுத்தால் 1.63 மடங்கு. வித்தியாசம் 11 சதவீதம்தானே என்று விட முடியாது. காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் கனத்தில் (வேகம் × வேகம் × வேகம்) போகிறது. ஆகவே அந்த 11 சதவீதம் ஆற்றலில் ஏறக்குறைய 37 சதவீதமாக வந்து நிற்கும். கோடிக்கணக்கில் பணம் போடுபவன் இதை எப்படி ஒப்புக்கொள்வான்?

அதனால் லைடார் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கதிரை மேல்நோக்கிக் கூம்பு மாதிரி சுழற்றி அனுப்புவது, காற்றோடு போகும் தூசியிலும் உப்புத்துகளிலும் பட்டுத் திரும்பும் ஒளியில் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பது. ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் மாறுகிறதே, அதே சங்கதி. குஜராத்தில் பிப்பாவாவ் துறைமுகத்திலிருந்து 23 கிலோமீட்டர் தள்ளி, காம்பே வளைகுடாவில் 2017 நவம்பரில் நம் நாட்டின் முதல் கடல் லைடார் வந்தது. அது கடலடியில் தூண் இறக்கி, அதன் மேல் மேடை கட்டி வைத்தது. தூண் இறக்குவது பெரிய செலவு. அதற்குப் பதிலாக லைடாரை மிதவையிலேயே ஏற்றி நங்கூரம் போட்டு விட்டுவிட்டால் அது பாட்டுக்கு அளந்து, செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதி ஒதுக்கியதால், இந்தப் பேச்சு இப்போது நம் பக்கமும் அடிபடுகிறது.

லைடார் வாங்க நான் கடையை விற்றாலும் காணாது. ஆனால் "ஆடிக்கிட்டே அளக்குறது" என்ற சிக்கலைப் புரிந்துகொள்ள லைடார் வேண்டியதில்லை; கிண்ணக் காற்றுமானியே போதும் என்று தோன்றியது. வானிலை நிலையங்களுக்கென்று விற்கும் மலிவு செட் ஒன்று வாங்கினேன். கிண்ணம், திசைகாட்டும் வால் இரண்டும் உண்டு. கிண்ணத்துக்குள் ஒரு குட்டிக் காந்தமும், காந்தம் நெருங்கினால் மூடும் ரீட் சுவிட்சும். நொடிக்கு ஒரு துடிப்பு வந்தால் மணிக்கு 2.4 கிலோமீட்டர் என்று கணக்கு. மூளைக்கு இ.எஸ்.பி. 32 போர்டு, சாய்வைப் பார்க்க எம்.பி.யு. 6050 சில்லு, திசைக்கு ஒரு காந்த உணரி, கரைக்குத் தகவல் அனுப்ப 865 மெகாஹெர்ட்ஸில் லோரா மாட்யூல், எதற்கும் ஒரு மெமரி கார்டு. அந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

முதல் மிதவையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டிவிட்டேன். 20 லிட்டர் கேன் நான்கு, மேலே ஒரு பிளைவுட் பலகை, நடுவில் ஒன்றரை மீட்டர் ஜி.ஐ. பைப், பலகை மேல் யு.பி.எஸ்.சிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி. தள்ளினாலும் கவிழவில்லை. அகலமாக இருக்கிறது, ஜம்மென்று நிற்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் முதல் தப்பு.

இடம், சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஏரி. ஏற்காட்டு ஏரியில் போடலாமே என்று கேட்டவர்களுக்கு: அங்கே நாள் முழுக்கப் படகு ஓடுகிறது, படகு கிளப்பும் அலைக்கும் காற்று கிளப்பும் அலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். அடிவாரத்து ஏரியில் மேற்கிலிருந்து கிழக்காக அறுநூறு மீட்டர் திறந்த தண்ணீர் இருக்கிறது. ஆடிக்காற்றுக்கு அது போதும். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, மீன் பிடிக்கும் அண்ணன் ஒருவரின் பரிசலில் கொண்டுபோய் விட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க, இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஆழமில்லாத இடத்தில் ஒரு சவுக்குக் கம்பத்தை அடித்து இறக்கி, அதே உயரத்தில் அதே மாடல் கிண்ணத்தை மாட்டினேன். முதலில் கரை மேலேயே கம்பம் நடத்தான் நினைத்தேன். கரை மேடு ஏறும்போது காற்று வேகம் பிடிக்கும், அது நியாயமான ஒப்பீடு ஆகாது என்று மருமகன் தடுத்தான். கடல் மிதவைகளையும் வேலைக்கு அனுப்பும் முன் இப்படித்தான் அசையாத ஒரு கம்பத்துக்கோ மேடைக்கோ பக்கத்தில் விட்டுப் பரீட்சை வைக்கிறார்களாம். பத்து நிமிடச் சராசரியாக இரண்டையும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், கோட்டின் சரிவு 1-க்கு இரண்டு சதவீதம் இப்படி அப்படிக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்கும் நல்ல மதிப்பெண்.

நங்கூரம் என்று தனியாக வாங்க மனமில்லை. வீட்டுக் கொல்லையில் பாட்டி காலத்து ஆட்டுக்கல் கிடந்தது. கிரைண்டர் வந்தபிறகு அதை யாரும் தொடவில்லை. அதன் குழவியை எடுத்து நைலான் கயிற்றில் கட்டி இறக்கினேன். வீட்டில் கேட்கவில்லை. அதற்கான பலனைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பத்து நாள் கணக்கில் சரிவு 1.08. கம்பத்தைவிட மிதவை எட்டு சதவீதம் கூடுதலாகக் காற்று காட்டுகிறது. ஆற்றலில் சொன்னால் 26 சதவீதம் பொய்.

காரணத்தைச் சாய்வுச் சில்லு காட்டிக்கொடுத்தது. அலை ஒரு சாணுக்கும் குறைவுதான். ஆனால் அகலமான பலகை அலையின் சரிவோடு ஒட்டிக்கொண்டு சாய்கிறது; 10 டிகிரி இந்தப் பக்கம், 10 டிகிரி அந்தப் பக்கம், ஒன்றேகால் வினாடிக்கு ஒரு முறை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கிண்ணம் அந்த ஆட்டத்தில் நொடிக்கு 1.3 மீட்டர் வேகம் வரை வீசப்படுகிறது. காற்றே 5 மீட்டர்தான் அடிக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

முன்னால் போகும்போது கூடுகிறது, பின்னால் வரும்போது குறைகிறது, சராசரியில் கழிந்துபோகுமே என்று நானும் வாதாடினேன். கழிவதில்லை. கிண்ணத்துக்கு வேகம் பிடிப்பதில் இருக்கும் சுறுசுறுப்பு வேகத்தை விடுவதில் இல்லை. குழிந்த பக்கம் காற்றைப் பிடிப்பதும் முதுகுப் பக்கம் வழுக்குவதும் சமமாக இல்லாததால் வரும் குணம் இது. ராபின்சன் என்ற அயர்லாந்துக்காரர் 1846-ல் நாலு கிண்ணம் வைத்து இதைச் செய்த காலத்திலிருந்து கூடவே வரும் குணம். போதாததற்கு, காற்றுக்குக் குறுக்காக ஆடும் ஆட்டமும் கிண்ணத்துக்குக் காற்றாகத்தான் தெரியும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அது கூட்டத்தான் தெரிந்தது, கழிக்கத் தெரியாது.

ஆக, கவிழாமல் நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. அகலம் கவிழாமல் காக்கும்; அதே அகலம் அலை எப்படிச் சாய்ந்தாலும் நம்மையும் சாய்க்கும்.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பறந்ததோ இல்லையோ, என் குழவியிலிருந்து கயிறு கழன்றுவிட்டது. வழவழப்பான கல், இடுப்பும் இல்லாத உருவம், அலை இழுக்க இழுக்க முடிச்சு நழுவியிருக்கிறது. காலையில் பரிசல் அண்ணன் போன் செய்தார்: "உங்க மேடை கோரையில போயி சொருவிக்கிட்டு நிக்குதுங்க." குழவி ஏரிக்கு அடியில். அடுத்த நங்கூரம் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி, நடுவில் கம்பி வளையம் பதித்தது. அப்போதே செய்திருக்க வேண்டியது. கயிற்று நீளத்தையும் ஆழத்தைப் போல மூன்று மடங்காகக் கூட்டினேன். குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் வெடுக்கென்று இழுக்கும்.

இரண்டாவது மிதவை ஒல்லியானது. 160 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், ஏறத்தாழ இரண்டு மீட்டர், அடியில் கான்கிரீட் எடை. ஒன்றரை மீட்டர் தண்ணீருக்குள் போனால் 30 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும், ஆக மொத்த எடை 30 கிலோ. மேலே அலுமினியக் கம்பம். தொட்டியில் பார்க்க ஆழம் போதாது என்பதால் நண்பர் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினோம். இறக்கியதும் ஆள் மயங்கி விழுவது போல மெதுவாகச் சாய்ந்து தண்ணீர் மேல் படுத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பேட்டரி, பெட்டி, சோலார் தகடு எல்லாம் உச்சியில். பழைய ஈய பேட்டரி மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். முழுகியிருக்கும் பகுதியின் நடு இடத்துக்குக் கீழே மொத்த எடையின் மையம் இருந்தால்தான் குழாய் நிமிரும். என்னுடையது அதற்கு மேலே இருந்தது. ஈய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றை, குழாய்க்குள் கயிற்றில் தொங்கவிட்டு, கான்கிரீட் மேலேயே உட்காரவைத்தேன். கான்கிரீட்டை 22 கிலோவாகக் கூட்டினேன். தண்ணீருக்கு மேலே இருப்பது மூன்றரை கிலோவுக்குள் அடங்கியது. இந்தத் தடவை நிமிர்ந்தது. கையால் சாய்த்துவிட்டுக் கடிகாரம் பார்த்தேன்: ஒரு முறை போய்த் திரும்ப நான்கு வினாடிக்கு மேல். மேலும் கீழுமான ஆட்டத்துக்கு இரண்டரை வினாடி. ஏரி அலையோ ஒன்றேகால் வினாடி. தூங்குமூஞ்சி ஆளைக் குழந்தைகள் உலுக்குவது மாதிரி, இவன் எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது.

ஏரியில் விட்டதும் ஆட்டம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்தது. ஆனால் காற்று பலத்தபோது நிரந்தரமாக 13 டிகிரி சாய்ந்து நின்றது. கயிற்றைக் குழாயின் அடியில் கட்டியதுதான் காரணம். மேலே காற்று தள்ள, கீழே கயிறு பிடிக்க, நடுவில் நல்ல நீளமான நெம்புகோல். கட்டும் இடத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே மாற்றினேன். சாய்வு பாதியாகிவிட்டது. ஒரு பைசா செலவில்லாத இந்த மாற்றம் கொடுத்த திருப்தியை வேறு எதுவும் கொடுக்கவில்லை.

திசை தனிக் கூத்து. மிதவை தண்ணீரில் சுற்றும். ஆகவே வால் காட்டும் திசையோடு மிதவை எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதையும் கூட்ட வேண்டும். எனக்குக் காற்று வடமேற்கு, தென்மேற்கு என்று மாறி மாறி வந்தது. கரையில் நிற்பவன் சட்டையோ ஒரே பக்கம்தான் பறக்கிறது. "கஞ்சமலை இரும்பு இழுக்குதோ என்னவோ" என்று மருமகன் கிண்டலடித்தான். கஞ்சமலை அங்கே எங்கேயோ இருக்கிறது. இழுத்தது என் கம்ப கிளாம்ப்பும், காற்றுமானிக்குள் இருந்த குட்டிக் காந்தமும். காந்த உணரியை மேசை மேல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் இரும்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஸ்டீல் கிளாம்ப்பைக் கழற்றி பிளாஸ்டிக் போட்டு, உணரியைக் காந்தத்திலிருந்து இரண்டடி இறக்கி, எல்லாம் பூட்டிய பிறகு கிணற்றிலேயே மிதவையை மெதுவாக முழுச் சுற்று சுற்றிச் சரிபார்த்தேன். எப்போதும் பூட்டிய பிறகுதான் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, திசையைச் சும்மா கூட்டி வகுக்கக் கூடாது. 359 டிகிரிக்கும் 1 டிகிரிக்கும் சராசரி 180 என்று வரும். வடக்குக் காற்று தெற்குக் காற்றாகிவிடும். சைன், கொசைன் எடுத்துச் சராசரி பார்த்துவிட்டுத் திரும்ப கோணமாக்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான்.

ஆவணியில் ஒரு மர்மம். தினமும் விடியற்காலை, காற்றே இல்லாத நேரத்தில், மிதவை இரண்டு டிகிரி சாய்ந்து ஒரு மணி நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு ஒரே உலுக்கலில் நிமிர்கிறது. தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பயந்து இரண்டு முறை கரைக்குக் கொண்டுவந்து குலுக்கிப் பார்த்தேன். மூன்றாவது நாள் ஐந்தரை மணிக்கே போய் உட்கார்ந்தேன். நீர்க்காகம். சோலார் தகட்டின் ஓரத்தில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கிறது. அரைக்கிலோ பறவையை இரண்டு டிகிரியில் கண்டுபிடித்திருக்கிறோம் என்று பெருமையாகவும் இருந்தது. தகட்டைச் சுற்றி கேபிள் டையின் வாலை வெட்டாமல் முள் மாதிரி நிறுத்திவிட்டேன். அதோடு எச்சம் துடைக்கும் வேலையும் நின்றது.

தண்ணீர் உள்ளே போனது இன்னொரு வழியில். பெட்டிக்கு நல்ல ரப்பர், கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்க நல்ல கிளாண்ட், மேலே சிலிக்கான். ஆனாலும் போர்டின் மேல் பச்சை பூத்தது. காற்றுமானியிலிருந்து வரும் கேபிளின் மேல்முனை திறந்திருந்தது. உறைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மழைத்தண்ணீர் திரி மாதிரி இறங்கி, கிளாண்ட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதற்கு உள்ளாகவே பெட்டிக்கு வந்துவிட்டது. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது பெட்டி மூச்சு இழுப்பது வேறு இதற்கு உதவி. மேல்முனையை எபாக்சியில் அடைத்து, கேபிளை நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பெட்டிக்கு அடியில் காற்று மட்டும் போய்வரும் சவ்வு வென்ட் வைத்தபின் நின்றது. முப்பது வருடம் நீர்மூழ்கி மோட்டார் பார்த்தவன் நான். இதில் ஏமாந்தது எனக்கே வெட்கம்.

கடைசியாக, பனியில் சோலார் எப்படி நடக்கும் என்று பார்க்க, ஐப்பசி கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி ஏற்காட்டில் தெரிந்தவர் காப்பித் தோட்டத்துக் குளத்தில் விட்டேன். குளம் சின்னது, அலை கிடையாது. பார்க்க வேண்டியது மின்சாரம் மட்டும். சாய்வை நொடிக்குப் பத்து முறை படிப்பதால் போர்டைத் தூங்கவே விட முடியவில்லை. 6 ஆம்பியர்மணி செல், வெயிலே இல்லாமல் ஐந்து நாள் தாங்கும். மேகம் தரையில் இறங்கி உட்கார்ந்த அந்த வாரத்தில் 5 வாட் தகடு பேருக்குத்தான் இருந்தது. ஆறாம் நாள் காலை மிதவை பேச்சை நிறுத்தியது. தோட்டத்து மேஸ்திரி "மலைக்கு வந்தா எல்லாருக்கும் தூக்கம் வரத்தான் செய்யும்" என்றார். நிஜ லைடார் மிதவைக்குப் பத்துக்கணக்கான வாட் ஓயாமல் வேண்டும். அதனால்தான் சோலாரோடு சின்னக் காற்றாலை, மெத்தனால் எரிபொருள் கலம் என்று இரண்டு மூன்று வழி வைத்திருக்கிறார்கள்.

ஏரியில் ஒல்லி மிதவையின் கடைசி மூன்று வாரக் கணக்கு: சரிவு 1.02. மருமகனுக்கு வரைபடத்தை அனுப்பிவிட்டு, இதையே பெரிதாகச் செய்து கடலில் நட்டால் என்ன என்று கேட்டேன். அவன் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டான். "கடல் அலை பத்து வினாடிங்க மாமா. கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டேன். முழுகியிருக்கும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஆட்ட நேரம் கூடுகிறது. பத்து வினாடிக்குச் சமமாகவே 25 மீட்டர் குழாய் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அலைக்கு அசையாமல் இருக்க அதைவிட நீளம். எட்டு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக நடுவது மாதிரி. அதனால்தான் கடலில் லைடார் மிதவை விடுபவர்களில் பலர் அசைவை நிறுத்துவதற்கு மெனக்கெடுவதில்லை. ஆடட்டும் என்று விட்டுவிட்டு, எவ்வளவு ஆடியது என்பதையும் கூடவே அளக்கிறார்கள். லைடார் எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்ப்பதால் பத்து நிமிடச் சராசரியில் ஆட்டத்தின் பெரும்பகுதி கழிந்துபோகிறது. கிண்ணத்தின் ஒருதலைப்பட்சம் அதற்கு இல்லை. கழியாமல் நிற்பது காற்றின் ஏற்ற இறக்கம். அதை மிதவை கூட்டித்தான் காட்டும். 5 டிகிரி சாய்ந்தால் 100 மீட்டர் உயரத்தில் பார்க்கும் இடமே ஏறக்குறைய 9 மீட்டர் நகர்ந்துவிடுமே. அந்தப் பிழையைத் திருத்தத்தான் சாய்வுக் கணக்கு.

இப்போது பழைய நாலு கேன் மேடையைத் திரும்ப எடுத்திருக்கிறேன். அதே கிண்ணம், அதே ஆட்டம், ஆனால் இந்தத் தடவை சாய்வுச் சில்லின் கணக்கை வைத்து ஒவ்வொரு நொடியின் வேகத்திலிருந்தும் மேடையின் பைப் ஆடும் வேகத்தைக் கழித்துப் பார்க்கிறேன். 1.08 இதுவரை 1.04-க்கு இறங்கியிருக்கிறது. மீதி கிண்ணத்தின் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறேன். அசையும் பாகமே இல்லாத மீயொலிக் காற்றுமானி ஒன்று விலை குறைந்து கிடைத்தால் தெரிந்துவிடும்.

குழவி இன்னும் ஏரியில்தான் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோதுதான் கொல்லையில் ஆட்டுக்கல் தனியாக நிற்பது கண்ணில் பட்டிருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினதும் எடுத்து வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மழை இந்த வருடம் நன்றாகப் பெய்துவிட்டது.